முதல் பின்னூட்டம் என்னுடையதுதான்

நல்ல பதிவு. எப்போதும்போல நடை தெளிவாக இருக்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும் கொஞ்சம் அவசரம் தெரிகிறது. காலையில் பஸ் பிடிக்க வேண்டியவர் எழுதியது என்பதால் அதைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் பதிவைப் போட்டு இருபது நிமிஷம் ஆகிறது. இன்னும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. ஆக, இந்த முறையும் முதல் பின்னூட்டம் என்னுடையதுதான். உங்கள் 'ஈரத்துணி' வலைப்பூவில் மூன்று வருஷமாக இந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட என்னிடம் வேறு அதிகம் இல்லை.

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னூட்டம் என்றால் வழிதவறி வந்தவருக்கும் தலையும் காலும் புரிய வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே புதிதாக வருகிறவர்களுக்காக முதலில் நாலு வரி.

இந்த வலைப்பூவை எழுதுகிறவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறார். தனியாக இருக்கிறார். நாலு மாதத்துக்கு முன்னால் அவருடைய அண்ணன் இறந்துபோனார். இவர் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த நாட்களில் 'ஓய்வுபெற்ற நர்ஸ்' என்ற பெயரில் இங்கே எழுதிக்கொண்டிருந்த ஓர் அம்மாளை அதற்குப் பிறகு காணோம். அவருக்கு என்ன ஆயிற்றோ என்று இவர் பதறிப்போய், அந்த அம்மாள் எப்போதோ சொன்ன அடையாளங்களைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். மலை, சிவப்புக் கூரை போட்ட ஆஸ்பத்திரி, நாளுக்கு இரண்டே பஸ். அதை வைத்து ஊரைக் கண்டுபிடித்து, லீவு போட்டு, நாளைக் காலை கிளம்புகிறார். "அண்ணன் விஷயத்தில் தாமதித்தேன். இவர் விஷயத்தில் தாமதிக்க மாட்டேன். என்னிடம் உண்மையாக இருந்தவர் அவர் ஒருவர்தான்." இன்றைய பதிவின் சாரம் இது.

என் பின்னூட்டத்தின் சாரம்: போக வேண்டாம். நர்ஸம்மா அங்கே இல்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கு என்னிலிருந்து தொடங்க வேண்டும். என்னிலிருந்து தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்த காரியம். கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

நான் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறேன். நாலு பேரோடு நாலு வார்த்தை பேசாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவளுக்குக் கடவுள் தேடிப்பிடித்துக் கொடுத்த வேலை இது. வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். போகிறவர்கள் வாய் மரத்துப்போய்ப் போகிறார்கள். "எந்த ஏரியாங்க? பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டால் "ம்ம்" என்று ஒரு பக்கமாக எச்சில் ஒழுக்குகிறார்கள். பத்து வருஷம் இப்படியே போனால் யாருக்குத்தான் வலைப்பூ தொடங்கத் தோன்றாது?

'சும்மா ஒருத்தி' என்று பெயர் வைத்தேன். அக்கம்பக்கத்து விஷயங்கள்தான். யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லை, எந்த வீட்டுக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துகிறது, அந்த மாதிரி. முதல் மாதம் பதினோரு பேர் வந்ததாக எண்ணிக்கைப் பெட்டி காட்டியது. அதில் ஒன்பது பேர் நான். ஒருவர் என் வீட்டுக்காரர். நான் பக்கத்தில் நின்று படிக்கவைத்தேன். மிச்சமிருந்த அந்த ஒருவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவரை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

அப்போதுதான் எங்கேயோ ஒரு யோசனை படித்தேன். உன்னை யாரும் படிக்கவில்லையா, நீ போய் மற்றவர்களைப் படி. படித்ததற்கு அடையாளமாக ரெண்டு வரி எழுதிவிட்டு வா. உன் பெயரைச் சொடுக்கி அவர்கள் உன் வீட்டுக்கு வருவார்கள். எவ்வளவு நல்ல யோசனை. பிறத்தியார் வீட்டு வாசலில் நின்று பேசினால் நம் வீட்டுக்கு ஆள் வரும் என்றால், அது நான் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருக்கும் காரியம்தானே?

ஒரு நாளைக்குப் பதினாலு வலைப்பூ என்று வைத்துக்கொண்டேன். ஒரு டோக்கனுக்கும் அடுத்த டோக்கனுக்கும் நடுவே ஒன்று. அவசரத்தில் சில சமயம் முழுக்கப் படிக்க முடியாது. குழாய் ஒழுகினால் எப்படிச் சரிசெய்வது என்று ஒருவர் எழுதியிருந்ததற்கு "கண் கலங்கிவிட்டது" என்று போட்டிருக்கிறேன். அவர் நன்றி சொன்னார். என் வலைப்பூவுக்கு வரவில்லை.

அப்படி மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் உங்கள் 'ஈரத்துணி' கண்ணில் பட்டது. முதல் பதிவே அந்தப் பெயருக்கான காரணத்தைச் சொல்லியது. "என் மேல்வீட்டுக்காரி துணியைப் பிழிவதே இல்லை. அப்படியே வாளியிலிருந்து எடுத்துக் கொடியில் போடுகிறாள். அவள் வீட்டுத் துணி காய்வதற்குள் காய்ந்துபோன என் துணி மறுபடி நனைந்துவிடுகிறது. அவள் பேச்சும் அப்படித்தான், பிழியாமல் வரும்." இப்படிப் போயிற்று. நன்றாகச் சிரித்தேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நினைத்தேன். அடுத்த பத்தியில் மேல்வீட்டுக்காரியின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக் என்றும், ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் அவர் கை பட்டால் ஓடும், சொந்தக் கட்டிடத்து லிஃப்ட் மட்டும் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் தொங்கும் என்றும் இருந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு முறை முதலிலிருந்து படித்தேன்.

ஆமாம், நான்தான். மூன்றாம் மாடி. நேரில் உங்களை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் என்னை 'அக்கா' என்பீர்கள். இந்தப் பெட்டிக்குள் வந்தால் மட்டும் எனக்கு மரியாதை தானாக வந்துவிடுகிறது.

அந்தப் பதிவுக்கு அன்று என்ன பின்னூட்டம் போட்டேன் தெரியுமா? "அருமை. சிலர் அப்படித்தான்." ஒன்று சொல்லிவிடுகிறேன்: அன்றிலிருந்து துணியைப் பிழிந்துதான் போடுகிறேன். நீங்கள் எழுதினீர்கள், நான் திருந்தினேன். எழுத்துக்கு இதைவிட வேறு என்ன பலன் வேண்டும்? பின்னால் நடந்ததற்கும் அந்தப் பதிவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். பலமுறை.

உங்களுக்கு அப்போது படிக்கிற ஆள் மூன்று பேர்கூட இல்லை. கடைக்கு வருகிறவர்களைப் பற்றி அவ்வளவு நன்றாக எழுதுவீர்கள். கண் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மாள், தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் வாசித்த எழுத்துகளைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பித்ததையும், நீங்கள் சத்தம் போடாமல் அட்டையைத் திருப்பிப் போட்டதையும், அதற்குப் பிறகும் அவர் பழைய எழுத்துகளையே சொல்லிக்கொண்டிருந்ததையும் எழுதியிருந்தீர்கள். அதுவும் நான்தான். சரி, விடுங்கள். இவ்வளவு நல்ல எழுத்து காலியாகக் கிடக்கிறதே என்று எனக்கே பொறுக்கவில்லை. காலியாகக் கிடக்கும் வாசலில் நான் ஒருத்தி நின்று எனக்கு என்ன லாபம்? கூட்டம் இருந்தால்தானே நாலு பேர் என் பக்கமும் திரும்புவார்கள்.

ஆகவே ஐந்து பேரை உண்டாக்கினேன்.

'ரெண்டு வாலு அம்மா'வை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவசரமாக, எழுத்துப்பிழையோடு எழுதுவார்; இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். 'கடலோடி' ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து எழுதுவார். 'அன்பு ரசிகை' எதற்கும் "அருமை" மட்டும் போடுவாள்; வேலை குறைந்த ஆள். 'கறார் பேர்வழி' எல்லாவற்றிலும் குறை சொல்வான். எல்லோரும் புகழ்ந்தால் சந்தேகம் வரும் என்று அவனைச் சேர்த்தேன். அந்தக் கண்ணாடி அம்மாளுக்குப் பரிந்து பேசியவன் அவன் ஒருவன்தான். ஐந்தாவது ஆள், நர்ஸம்மா.

யாருக்கு எத்தனை பிள்ளை, யார் கப்பல் எங்கே நிற்கிறது என்று குழம்பிவிடக்கூடாது என்பதற்காக ஒரு நோட்டுப்புத்தகம் போட்டு எழுதிவைத்தேன். நர்ஸம்மாவின் சிவப்புக் கூரை ஆஸ்பத்திரி எங்கள் கிளினிக் காலண்டரில் இருந்த படம். எந்த ஊர் என்று கீழே போட்டிருக்கவில்லை. நாளுக்கு இரண்டு பஸ் என்பது மட்டும் என் சொந்தக் கற்பனை. நன்றாகத்தான் வந்திருந்தது.

ஒருநாள் அந்த நோட்டு வீட்டுக்காரர் கையில் சிக்கிவிட்டது. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்று, எல்லாப் பக்கத்தையும் படித்தார்.

"யாருடி இந்தக் கடலோடி?"

"நான்தாங்க."

"இந்த நர்ஸு?"

"அதுவும் நான்தான்."

 பிறகு நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். "அஞ்சு பேரா எழுதறியே. அதுல ஒருத்தராவது உன்னவிட நல்லவங்களா இருக்கக்கூடாதா?"

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு உறைத்தது. நர்ஸம்மாவை அன்றிலிருந்து நல்லவராக மாற்றினேன். உங்களுக்குத் தலைவலி என்றால் முதலில் விசாரித்தது அவர்தான். உங்கள் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருந்ததும் அவர்தான். மாடியில் இருந்த நான் மறந்துவிட்டேன், நர்ஸம்மா மறக்கவில்லை. சில நாட்களில் அவர் எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது எனக்கே அவர்மேல் பொறாமையாக இருக்கும்.

வலைப்பூவில் கூட்டம் சேரத் தொடங்கியது. ஐந்து பேர் நிற்கிற இடத்தில் ஆறாவது ஆள் தானாக நிற்பார், கடைத்தெருவில் பார்ப்பதுதானே. பிறகு நீங்கள் அண்ணனைப் பற்றி எழுதினீர்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் உங்கள் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்பது நாளும் அண்ணன் உங்களுக்குச் சொல்லவில்லை. நீ பயந்துவிடுவாய் என்று சொல்லாமல் விட்டேன் என்றாராம். எல்லாம் முடிந்த பிறகுதான் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். வாசலில் கழற்றிப்போட்டிருந்த செருப்புகளைப் பார்த்துத்தான் உங்களுக்கு விஷயம் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் டோக்கன் கொடுப்பதையே மறந்துவிட்டேன். தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலைக்காக ஊரெல்லாம் வீடு வீடாகப் போகும் அண்ணன் உங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, நீங்களும் போகவில்லை. அந்தப் பதிவுக்கு நாற்பத்தொரு பின்னூட்டம். அதில் என் ஆட்கள் ஐந்தே பேர். முதல் பின்னூட்டம் 'சும்மா ஒருத்தி'. அன்று என் வலைப்பூவுக்குப் பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் நான் இல்லை.

நீங்களும் வந்தீர்கள். "உங்கள் எழுத்தில் ஒரு கண் இருக்கிறது. நிறைய எழுதுங்கள்" என்று போட்டீர்கள். கண்ணைப் பற்றித் தெரிந்தவர் சொல்வது. என் வலைப்பூவில் யாரும் மெனக்கெட்டு எழுதிய ஒரே பின்னூட்டம் அதுதான். அதைப் பார்த்து எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அண்ணனைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு ஆள் வந்தது. கண்ணாடிக் கடையைப் பற்றி எழுதினால் ஆள் குறைந்தது. இது என் குற்றமில்லை. ஊர் அப்படி இருக்கிறது. சண்டை போடுகிற வீட்டு ஜன்னலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற வீட்டை யார் நின்று பார்ப்பது?

இப்போது அந்தப் பதிவுக்கு வருகிறேன். 'போகலாமா?'

அண்ணி போன் செய்திருந்தார். அண்ணனுக்கு நுரையீரலில் ஏதோ, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உங்களைக் கேட்கிறார். நாலு மணி நேரப் பஸ் பயணம். "எனக்குக் கேட்க வேறு யாரும் இல்லை. உங்களைக் கேட்கிறேன்" என்று முடித்திருந்தீர்கள்.

அதைப் படித்த அன்று சாயங்காலம் மாடிப்படியில் எதிரே வந்தீர்கள். லிஃப்ட் வழக்கம்போல நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் புதிதாக வாங்கிய பல்துலக்கும் பிரஷ், சின்ன சோப்புப்பெட்டி. பயணத்துக்கு வாங்குகிற சாமான்கள்.

"என்னம்மா, ஊருக்கா?"

"தெரியலக்கா. போலாமான்னு இருக்கு. பெட்டிய எடுத்து வெளிய வச்சிருக்கேன்."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அண்ணனுக்கு." பிறகு கொஞ்சம் சிரித்தீர்கள். "பதினோரு வருஷம் பேசல. இப்ப போய் நின்னா என்ன பேசறதுன்னே தெரியல. நீங்களா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

நான் அங்கேயே, அந்தப் படியிலேயே, "கிளம்பு" என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. வீட்டில் நூறு வார்த்தை பேசுகிறவளுக்கு அது ஒரு பெரிய விஷயமா? "பெரிய விஷயம்மா. நாலு பேரைக் கேட்டுச் செய்" என்றேன். உங்களை நாலு பேரைக் கேட்கச் சொல்லிவிட்டு மேலே போய், ஐந்து பேராக உட்கார்ந்தேன்.

என் அனுபவத்தில் ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறேன். முதல் ஐந்து பின்னூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அடுத்து வருகிறவர்கள் அந்தப் பக்கமே சாய்வார்கள். ரெண்டு வாலு அம்மா, "அன்னைக்கு உங்கள மதிக்காதவர் இன்னைக்கு மட்டும் எதுக்கு" என்று பிழையோடு எழுதினார். கடலோடி, அவர் தானாகக் கேட்காதவரை துறைமுகத்தை விட்டு நகராதீர்கள் என்றார். அன்பு ரசிகை, "சரியான கருத்து" என்றாள். அவள் வாழ்க்கையிலேயே அதுதான் நீளமான பின்னூட்டம். "உடனே கிளம்புங்கள், அசட்டுத்தனம் பண்ணாதீர்கள்" என்று எழுதியவன் கறார் பேர்வழி ஒருவன்தான். அவனை வேண்டுமென்றே அந்தப் பக்கம் நிறுத்தினேன். அவன் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகப் பேச உங்கள் வாசகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். வந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நிஜமான மனிதர், "போய்விடுங்கள் சகோதரி" என்று எழுதியதும் அந்தச் சண்டையில் அமுங்கிப்போயிற்று.

நர்ஸம்மா கடைசியாக வந்தார். பதற வேண்டாம் என்றார். இந்த மாதிரி நுரையீரல் கேஸை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன், மாதக்கணக்கில் இழுக்கும், நேரம் நிறைய இருக்கிறது என்றார். "அண்ணி கூப்பிட்டால் போதாது. அவர் தன் வாயால், அன்று சொல்லாமல் விட்டது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அதுவரை போனைக்கூட எடுக்காதீர்கள் தங்கச்சி, மனசு தெளியட்டும்." நுரையீரலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பல்லைப் பற்றியே எனக்குத் தெரிந்தது டோக்கன் நம்பர் மட்டும்தான்.

மொத்தம் ஐம்பத்திரண்டு பின்னூட்டம். நீங்கள் நர்ஸம்மாவுக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதினீர்கள். "சரிக்கா." மறுநாள் காலை என் தரைக்குக் கீழே, உங்கள் பரணில் பெட்டியை ஏற்றிவைக்கும் சத்தம் கேட்டது. பல்துலக்கிக்கொண்டிருந்தேன். முழுதாகத் துலக்கி முடித்தேன்.

ஏன் செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் போயிருந்தால் சமாதானம் ஆகியிருக்கும். அண்ணனும் தங்கையும் அழுதிருப்பீர்கள். அதை ஒரு பதிவாக எழுதியிருப்பீர்கள், நூறு பேர் வாழ்த்தியிருப்பார்கள். அதற்குப் பிறகு? மறுபடி கண்ணாடிக் கடை. மறுபடி மூன்று பேர். என் பதினேழு பேர் எங்கே போவார்கள்? இவ்வளவுதான் காரணம். சொல்லிப் பார்த்தால் சின்னதாக இருக்கிறது, எனக்கும் தெரிகிறது. பெரிதாக ஏதாவது இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நாங்கள் ஐந்து பேரும் கருத்துத்தான் சொன்னோம். கருத்துச் சொல்வது குற்றம் என்றால் வலைப்பூவுக்குக் கீழே இந்தப் பெட்டியை எதற்கு வைத்திருக்கிறார்கள்? இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் அட்டையைத் திருப்பிப் போடுகிறவர். மிச்சத்தையும் சொல்லிவிடுவதே முறை.

ஆறாம் நாள் உங்கள் அண்ணி இங்கே வந்தார்.

மத்தியானம். நீங்கள் கடையில் இருந்தீர்கள். எனக்கு அன்று வார விடுமுறை. போனை எடுக்காததால் நேரில் வந்திருக்கிறார், நாலு மணி நேரம் பஸ்ஸில். உங்கள் கதவு பூட்டியிருந்தது. மூச்சு வாங்க ஒரு மாடி மேலே ஏறி என் கதவைத் தட்டினார். உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல மனுஷி. டீயைக் குடிக்காமலே பையைத் திறந்தார்.

"கடைசி பஸ்ஸ விட்டா அவருகிட்ட யாரும் இல்லைங்க. நான் உடனே திரும்பணும். அவ வந்ததும் இத மட்டும் கையில குடுத்துருங்க. அவரே எழுதினது. எழுத முடியல, ஒரு மணி நேரம் ஆச்சு."

நாலாக மடித்த ஒரு சீட்டு.

"கண்டிப்பா குடுக்கறேன், நீங்க கவலப்படாம போங்க" என்றேன். அதைச் சொன்னபோது கொடுக்கத்தான் நினைத்திருந்தேன். சாயங்காலம் நீங்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது, பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. சீட்டோடு என் கதவுவரை போனேன். பிறகு யோசித்தேன். ஐம்பத்திரண்டு பேர் கூடி எடுத்த முடிவை நான் ஒருத்தி போய் மாற்றுவது சரியா?

அதைப் படிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். படித்தேன்.

"பாப்பா, அன்னிக்கு சொல்லாம விட்டது தப்பு. இன்னிக்கு சொல்றேன். எனக்கு நாள் அதிகம் இல்ல. வா."

நர்ஸம்மா கேட்ட அதே வார்த்தை. சுருக்கமாக, சுற்றி வளைக்காமல். எத்தனையோ பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். நாலே வரியில் இவ்வளவு சொன்னவர் யாரும் இல்லை.

அவர் ஒன்பதாம் நாள் போனார். ஆறாம் நாளுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் நடுவே மூன்று நாள் இருந்தது. எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். தினமும் போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் போய் இறங்கியபோது வாசலில் மறுபடி செருப்புகள் கிடந்தன என்று 'தாமதம்' பதிவில் எழுதினீர்கள். "எல்லாம் தெரிஞ்சும் இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று அண்ணி கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். போனை எடுக்காததைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டீர்கள். அவர் சீட்டைச் சொல்கிறார். இன்றுவரை அவர் உங்களோடு பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பதிவுக்கு ஐந்து பேரும் இரங்கல் எழுதினோம். ஒருவர் எழுதியது போல இன்னொருவர் எழுதக்கூடாது என்று சிரமப்பட்டேன். கறார் பேர்வழி மட்டும் "நான் அப்போதே சொன்னேன்" என்று எழுதி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். பாவம், ஐந்து பேரில் சரியாகச் சொன்னவன் அவன்தான்.

மறுநாள் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு கீழே வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஒரு நர்ஸம்மா எனக்கு எழுதுவாங்கக்கா. மாசக்கணக்காகும்னு சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல, அவங்களுக்கு என்ன தெரியும். எப்படி வருத்தப்பட்டு எழுதிருக்காங்க பாருங்க. எனக்கு இனிமே அவங்கதான்."

"டீ ஆறிடும், குடி" என்றேன்.

அன்றோடு நர்ஸம்மாவை நிறுத்திவிட்டேன். அது என் மனசாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவரைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னை யாரும் தேடியதில்லை, அதனால் இருக்கலாம்.

ஆகவே நாளைக்குப் போகாதீர்கள். பெட்டியைப் பரணிலேயே ஏற்றிவிடுங்கள். சத்தம் கேட்டால் நான் தெரிந்துகொள்வேன். அந்த மலையில் சிவப்புக் கூரை இருக்கலாம், ஆஸ்பத்திரிகூட இருக்கலாம். உங்கள் நர்ஸம்மா பதினாறு படி மேலே இருக்கிறார், காலில் கொஞ்சம் வீக்கம், மற்றபடி சௌக்கியம்.

சீட்டு என் நோட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, கசங்கவில்லை. இந்தப் பின்னூட்டம் உங்கள் அனுமதிக்குப் பிறகே வெளியாகும் என்று பெட்டிக்குக் கீழே போட்டிருக்கிறது. வெளியிட்டுவிடுங்கள். வெளியானதும் சீட்டைக் கொண்டுவந்து கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எதையும் மறைக்காமல் எழுதியதாலோ என்னவோ, நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. நிறையப் பேர் படிப்பார்கள்.

மற்றபடி, நீங்கள் என் வலைப்பூப் பக்கம் வந்து நாலு மாதமாகிறது. நேரம் கிடைக்கும்போது ஒருமுறை எட்டிப்பார்த்து, மனதில் பட்டதை ரெண்டு வரி எழுதிவிட்டுப் போங்கள். என்ன எழுதினாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சும்மா ஒருத்தி